கருவி ஒலிக்காத இடத்தில் இருந்த கேபிள்

"மணல் வருது சார்" என்று ஜேசிபி ஓட்டுநர் குரல் கொடுத்தபோது இரவு மணி ஒன்றரை இருக்கும். சென்னையின் மேற்குப் பகுதியில் ஒரு தெருவில், மழைநீர் வடிகாலுக்காக ஒன்றரை மீட்டர் ஆழத்துக்குப் பள்ளம் எடுத்துக்கொண்டிருந்தோம். அதுவரை தோண்டியிருந்த நாற்பது மீட்டரிலும் பக்கெட்டில் அப்பிக்கொண்டு வந்தது கரும்பழுப்புக் களிமண்தான். அதன் நடுவே இப்போது இரண்டு கையளவு மஞ்சள் நிற ஆற்று மணலும், மூலை உடைந்த ஒரு செங்கல்லும் வந்திருந்தன. ஓட்டுநர் பக்கெட்டை மேலே தூக்கி, இயந்திரத்தை அணைத்துவிட்டுக் கீழே இறங்கி நின்றிருந்தார். "இது இந்த ஊரு மண்ணு இல்ல சார், யாரோ கொண்டாந்து கொட்டுனது" என்றார்.

கேபிளைப் புதைக்கும்போதுதான் சுற்றிலும் மணல் கொட்டி, மேலே செங்கல் அடுக்குவார்கள். டார்ச்சைப் பிடித்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கி, மணலைக் கையால் விலக்கிப் பார்த்தோம். முன்கை தடிமனுக்குக் கறுப்பு உறை போட்ட கேபிள் ஒன்று தெரிந்தது. உறையின் மேல் 11 கேவி, அதாவது பதினோராயிரம் வோல்ட், என்ற புடைப்பெழுத்து இருந்தது. அதற்கு ஒரு சாண் தள்ளி, விரல் நீளத்துக்குப் புதிதாக ஒரு கீறல் இருந்தது. பக்கெட்டின் பல் செங்கல்லை உடைத்துக்கொண்டு அந்த உறையை உரசியிருக்கிறது. இன்னும் இரண்டு சென்டிமீட்டர் இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அந்த இரவில் நாங்கள் யாரும் வாய்விட்டுப் பேசவில்லை.

என்னை உறுத்தியது வேறொன்று. அந்தத் தெருவில் கேபிள் இருப்பது எனக்கு முன்பே தெரியும். அன்று பிற்பகலில் நானே, மண்ணுக்கடியில் உள்ள கேபிளைக் கண்டறியும் கேபிள் லொக்கேட்டரை எடுத்துக்கொண்டு தெருவைக் குறுக்கும் நெடுக்குமாக அளந்து, கருவி ஒலித்த இடத்தில் சிவப்புப் பெயிண்ட்டால் கோடு போட்டிருந்தேன். கோட்டின் மேல் ட்ரயல் பிட் எனப்படும் சோதனைக் குழி எடுத்து, கேபிளைக் கண்ணால் பார்த்து, புகைப்படமும் எடுத்து வைத்திருந்தேன். இரவில் நாங்கள் உரசிய கேபிள் அந்தக் கோட்டிலிருந்து அறுபது சென்டிமீட்டர் தள்ளி இருந்தது. பிற்பகலில் பார்த்தது ஒரு கேபிள். இது அதன் பக்கத்தில், அதற்கு இணையாகச் சென்ற இரண்டாவது கேபிள். என் கருவி இதைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

சொல்லாததற்குக் காரணம் கருவியின் பழுதல்ல. லொக்கேட்டர் கேபிளைத் தேடுவதில்லை. கேபிளில் ஓடும் மாறுமின்னோட்டம் தன்னைச் சுற்றி உண்டாக்கும் காந்தப்புலத்தைத்தான் தேடுகிறது. 'பவர் மோடு' எனப்படும் முறையில் நம் நாட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அலைவையும் அதன் மடங்குகளையும் அது கேட்கிறது. ஓட்டம் இல்லாவிட்டால் புலம் இல்லை, புலம் இல்லாவிட்டால் ஒலி இல்லை. நகரங்களில் 11 கேவி கேபிள்களைப் பெரும்பாலும் வளையமாக இணைத்து, வளையத்தின் ஓரிடத்தில் மட்டும் சுவிட்சைத் திறந்து வைத்திருப்பார்கள். ஒரு பக்கம் பழுதானால் மறுபக்கத்திலிருந்து மின்சாரம் கொடுப்பதற்கான ஏற்பாடு அது. திறந்த சுவிட்சுக்கு அருகிலுள்ள கேபிள் துண்டில் முழு மின்னழுத்தமும் இருக்கும், ஆனால் சுமை ஏறக்குறைய இருக்காது. தொட்டால் உயிரை எடுக்கும், கருவிக்கோ அது ஊமை. சுமை இருந்தாலும்கூட, மூன்று ஃபேஸும் ஒரே உறைக்குள் சமமாக ஓடினால் அவற்றின் புலங்கள் ஒன்றையொன்று பெருமளவு அழித்துக்கொள்ளும். எங்கள் இரண்டாவது கேபிள் அப்படிச் சுமையில்லாமல் காத்திருந்த கேபிள்.

இதெல்லாம் எனக்கு அன்றும் தெரியும் என்பதுதான் வெட்கம். பவர் மோடில் ஒருமுறை நடந்துவிட்டு, டிரான்ஸ்மிட்டரை வைத்து மீண்டும் ஒருமுறை நடக்க வேண்டும் என்பது இந்த வேலையில் பாலபாடம். அன்று டிரான்ஸ்மிட்டரில் சார்ஜ் இல்லை. ஒரு கேபிளைக் கண்டுபிடித்துவிட்ட திருப்தியில், இரண்டாவது ஒன்று இருக்கலாம் என்ற எண்ணமே எழவில்லை. ட்ரயல் பிட்டையும் அறுபது சென்டிமீட்டர் அகலத்துக்கு மட்டும் எடுத்து, முதல் கேபிள் தெரிந்ததும் ஆட்களை நிறுத்தச் சொல்லிவிட்டேன். வடிகால் பள்ளத்தின் முழு அகலத்துக்கும் குறுக்காக ஒரே குழி எடுத்திருந்தால், பிற்பகல் வெளிச்சத்தில், மண்வெட்டியின் முனையில் அந்த மணல் தெரிந்திருக்கும்.

டிரான்ஸ்மிட்டர் செய்யும் வேலையைச் சற்று விளக்க வேண்டும். அது தனக்கென ஓர் அலைவெண்ணில் (33 கிலோஹெர்ட்ஸ் பரவலாகப் புழங்குவது) ஒரு சமிக்ஞையைக் குழாயிலோ கேபிளிலோ ஏற்றுகிறது. ரிசீவர், அதாவது நாம் கையில் பிடித்து நடக்கும் லொக்கேட்டர், அந்த அலைவெண்ணை மட்டும் தேடுகிறது. ஏற்றுவதற்கு மூன்று வழிகள் உண்டு. உலோகக் குழாயின் வால்வில் நேரடியாக ஒயரை மாட்டி, மறுமுனையைக் குழாய் செல்லும் திசைக்குச் செங்குத்தாகத் தள்ளி மண்ணில் அடித்த கம்பியில் இணைப்பது முதல் வழி. இருப்பதில் நம்பகமானதும் அதுவே. கேபிள் வெளியே தெரியும் இடத்தில் வளையம் போன்ற ஒரு கிளாம்பை மாட்டுவது இரண்டாவது வழி; மின்கேபிளில் இதை அந்தத் துறையின் ஆட்கள்தான் செய்ய வேண்டும். எதையும் தொடாமல், டிரான்ஸ்மிட்டர் பெட்டியைத் தரையில் வைத்துக் கீழே உள்ளவற்றில் தூண்டலால் ஓட்டத்தை உண்டாக்குவது மூன்றாவது. இதில் பெட்டிக்குப் பக்கத்திலேயே தேடினால் காற்று வழியாக வரும் சமிக்ஞையைத்தான் கேட்போம் என்பதால், பத்துப் பதினைந்து மீட்டராவது தள்ளிப் போய்த்தான் தேடத் தொடங்க வேண்டும். தூண்டலின் இன்னொரு சங்கடம், அது யாருக்கென்று பார்க்காமல் அருகிலுள்ள எல்லா உலோகத்திலும் ஏறிக்கொள்ளும். குழாயைத் தேடிப் போய், அதை ஒட்டிச் செல்லும் தொலைபேசிக் கேபிளுக்குக் கோடு போட்டுவிட்டு வருவது அப்படித்தான்.

பெட்டியே தேவைப்படாத 'ரேடியோ மோடு' ஒன்றும் உண்டு. உலகெங்கும் உள்ள மிகத் தாழ் அலைவெண் வானொலி நிலையங்களின் அலைகள் மண்ணுக்குள்ளும் ஊடுருவி, நீளமான உலோகங்களில் மெல்லிய ஓட்டத்தை உண்டாக்கும். சுமார் 15 முதல் 23 கிலோஹெர்ட்ஸ் வரையிலான அந்த ஓட்டத்தை ரிசீவர் பிடிக்கிறது. நீர்மூழ்கிக் கப்பல்களோடு பேசுவதற்காக நம் கடற்படை திருநெல்வேலிச் சீமையில், விஜயநாராயணத்தில் 1990-இல் அமைத்த நிலையம் 18.2 கிலோஹெர்ட்ஸில் ஒலிபரப்புவது. கடலுக்கடியில் இருப்பவர்களுக்குச் சொல்லும் சேதி, போகிற போக்கில் சென்னைத் தெருவின் அடியில் கிடக்கும் குழாயையும் முனக வைக்கக்கூடும் என்று நினைத்துக்கொள்வது எனக்குப் பிடிக்கும். பவர் மோடில் ஊமையாக இருக்கும் கேபிள் சில சமயம் இதில் வாய் திறக்கும். அன்று இதையும் நான் செய்து பார்க்கவில்லை.

தண்ணீர்க் குழாய்களுக்கு வேறு சிக்கல். வார்ப்பிரும்பு ஆயிற்றே, கருவி எளிதாகப் பிடித்துவிடும் என்று புதிதாக வரும் பொறியாளர்கள் நினைக்கிறார்கள். பழைய வார்ப்பிரும்புக் குழாய்களின் இணைப்புகளில் ஈயத்தை உருக்கி ஊற்றினார்கள், அதன் வழியே சமிக்ஞை ஓரளவு கடந்து போகும். இப்போதைய டிஐ (டக்டைல் அயர்ன் எனப்படும் வார்ப்பிரும்பு வகை) குழாய்களில் இணைப்புக்கு ஒரு ரப்பர் வளையம். ஒவ்வொரு ஐந்தரை மீட்டருக்கும் ஓர் இணைப்பு. ஒவ்வோர் இணைப்பிலும் மின்தொடர்ச்சி அறுந்துபோகிறது. அலைவெண்ணைக் கூட்டினால் ரப்பரைத் தாண்டிப் போகும்தான், ஆனால் கூட்டக் கூட்ட அது பக்கத்துக் கேபிளுக்கும் தாவும். எதைக் கொடுத்து எதை வாங்குவது என்பதை அந்தந்த இடத்தில்தான் முடிவு செய்ய முடியும்.

ஆழத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் திரையில் தசமப் புள்ளியோடு ஓர் எண் வந்துவிட்டால் அதை நம்பாமல் இருப்பது கடினம். ரிசீவர் காட்டுவது குழாயின் தலைக்கான ஆழமல்ல, ஓட்டத்தின் மையத்துக்கான ஆழம். 600 மில்லிமீட்டர் குழாய்க்கு 1.20 மீட்டர் என்று காட்டினால், குழாயின் மேற்பரப்பு 90 சென்டிமீட்டரிலேயே வந்துவிடும். பக்கத்தில் வேறு உலோகம் இருந்தால் புலம் கோணிக்கொள்ளும், எண் பொய்யாகும். நான் கடைப்பிடிக்கும் சோதனை எளியது. ரிசீவரைத் தரையில் வைத்து ஆழத்தைக் குறித்துக்கொண்டு, பிறகு அரை மீட்டர் உயரத்துக்குத் தூக்கி மீண்டும் அளந்தால், ஆழமும் அரை மீட்டர் கூட வேண்டும். கூடவில்லை என்றால் அந்த எண்ணை நோட்டில் எழுதக்கூட மாட்டேன். ஒலி உச்சமாகும் இடத்தைத் தேடும் 'பீக்' முறையும், ஒலி அடங்கும் இடத்தைத் தேடும் 'நல்' முறையும் ஒரே இடத்தைக் காட்டாமல் ஒரு சாணுக்குமேல் விலகினாலும் அதே கதைதான்.

பிளாஸ்டிக் குழாய்க்கும், உலோகக் கவசம் இல்லாத ஆப்டிக்கல் ஃபைபருக்கும் லொக்கேட்டரால் எந்தப் பயனும் இல்லை. வீடுகளுக்கு எரிவாயு கொண்டுவரும் பாலிஎத்திலீன் குழாயோடு டிரேஸர் ஒயர் என்ற மெல்லிய செம்புக்கம்பியைச் சேர்த்துப் புதைத்திருந்தால்தான் அதைப் பின்தொடர முடியும். ஃபைபரை இப்போது பள்ளம் வெட்டிப் புதைப்பதைவிட, தரையடியில் கிடைமட்டமாகத் துளைபோட்டு இழுத்துவிடுகிறார்கள். நுழையும் இடத்தில் ஒரு மீட்டரில் இருப்பது நடுவில் மூன்று மீட்டருக்கு இறங்கி மறுபடி ஏறும். ஒருமுறை நான் திறந்து பார்த்த கழிவுநீர்க் குழாயின் நடுவே, பக்கவாட்டில் துளைத்துக்கொண்டு ஃபைபருக்கான ஆரஞ்சு நிற டக்ட் (உறைக்குழாய்) ஒன்று சென்றது. அதைப் போட்டவருக்கு இன்றுவரை தெரிந்திருக்காது.

இங்கேதான் ஜிபிஆர் எனப்படும் நிலத்தடி ரேடார் உதவும் என்பார்கள், உதவவும் செய்யும். தள்ளுவண்டி போன்ற அந்தக் கருவி ரேடியோத் துடிப்பை மண்ணுக்குள் அனுப்பி, எதிரொலி திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கிறது. குழாயைக் குறுக்காகக் கடக்கும்போது திரையில் கவிழ்த்த கிண்ணம்போல ஒரு வளைவு விழும். எது பிளாஸ்டிக், எது இரும்பு என்ற பேதம் அதற்கு அவ்வளவாக இல்லை. ஆனால் அது அளப்பது நேரத்தை, தூரத்தை அல்ல. உலர்ந்த மண்ணில் அலை ஒரு நானோநொடிக்குப் பத்து சென்டிமீட்டர் போகிறது என்றால், நீர் ஊறிய மண்ணில் ஆறு சென்டிமீட்டராகக் குறைந்துவிடலாம். இருபது நானோநொடியில் திரும்பிய எதிரொலிக்கு முதல் கணக்கில் ஒரு மீட்டர் ஆழம், இரண்டாவது கணக்கில் அறுபது சென்டிமீட்டர். கருவியில் எந்த வேகத்தை அமைத்தோம் என்பதைப் பொறுத்து, ஒரே குழாய் நாற்பது சென்டிமீட்டர் ஏறி இறங்கும். அதைவிட முக்கியமானது, ஈரக் களிமண் அந்த அலையை விழுங்கிவிடும். பெசன்ட் நகர் மணலில் அழகாக வேலை செய்யும் கருவி, மழை முடிந்த மார்கழியில் எங்கள் களிமண் தெருவில் ஒரு மீட்டருக்குக் கீழே வெறும் மூட்டத்தைத்தான் காட்டியது. அந்த மூட்டத்தை 'ஒன்றுமில்லை' என்று அறிக்கையில் எழுதுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வரைபடங்கள் விஷயத்தில் எனக்கு இரண்டு மனம். அவை இல்லாமல் தொடங்கக் கூடாது; அவற்றை நம்பியும் தொடங்கக் கூடாது. ஐஎஸ் 1255 என்ற இந்தியத் தரநிலையின்படி குறைந்த அழுத்தக் கேபிளுக்கு 75 சென்டிமீட்டர், 11 கேவிக்கு 90, 33 கேவிக்கு 105 என்று ஆழம் வகுக்கப்பட்டிருக்கிறது. எந்தத் தரையிலிருந்து 90 என்பதுதான் கேள்வி. சென்னைச் சாலைகளில் பழைய பரப்பைச் சுரண்டாமல் மேலுக்கு மேல் தார் போட்டே பல தெருக்களில் வீட்டு வாசலைவிடச் சாலை உயர்ந்துவிட்டது. அந்த இரவில் நாங்கள் உரசிய கேபிளும் 115 சென்டிமீட்டரில்தான் கிடந்தது. நேர்மாறாக, வேறு ஏதோ குழாய்க்கு வழிவிடுவதற்காக முழங்கால் ஆழத்துக்கு மேலே தூக்கப்பட்ட கேபிளையும் கண்டிருக்கிறேன். வீடுகளுக்குப் பிரியும் இணைப்புகள் பெரும்பாலும் எந்த வரைபடத்திலும் இருப்பதில்லை. அவற்றுக்கு வீட்டுச் சுவரோரம் மீட்டரையும் குழாயையும் பார்த்து, அங்கிருந்து தெருவுக்கு மனக்கோடு போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

அதனால் வரைபடத்தை வாங்கியதும் நான் முதலில் செய்வது, கருவி எதுவும் இல்லாமல் தெருவில் ஒருமுறை மெதுவாக நடப்பது. வால்வு மூடிகள், பில்லர் பெட்டிகள் எனப்படும் தெருவோர மின்பெட்டிகள், மின்கம்பத்திலிருந்து கீழே இறங்கும் கேபிள், நீளவாக்கில் ஓரிடத்தில் மட்டும் தாழ்ந்திருக்கும் தார்ப்பட்டை என்று எல்லாம் ஏதோ சொல்கின்றன. கழிவுநீர்க் குழாயைக் கண்டுபிடிப்பது இருப்பதிலேயே எளிது: சரிவில் ஓட வேண்டியது என்பதால் இரண்டு மேன்ஹோல்களுக்கு நடுவே நேர்கோடாகத்தான் போகும், மூடியைத் திறந்து மேலிருந்தபடியே அளவுகோலை இறக்கி ஆழத்தை எடுத்துவிடலாம். யாரும் உள்ளே இறங்கத் தேவையில்லை, இறங்கவும் கூடாது. அந்தப் பகுதியில் பல வருடங்களாகத் தண்ணீர் திறந்துவிடும் ஊழியர் கிடைத்துவிட்டால் அன்று நல்ல நாள். "இந்த வேப்பமரத்துக்கிட்ட ஒரு வளைவு இருக்கு தம்பி, வால்வு மேல தாரு போட்டு மூடிட்டாங்க" என்று ஒருவர் காலால் தட்டிக் காட்டிய இடத்தில் ஒரு சாண் தாருக்கு அடியில் மூடி இருந்தது.

பிரிட்டனில் 2014-இல் வெளியாகி 2022-இல் திருத்தப்பட்ட பிஏஎஸ் 128 என்ற தரநிலை இந்த அறிவை நான்கு படிகளாகப் பிரிக்கிறது: ஆவணம் மட்டும் என்றால் டி, நேரில் நடந்து பார்த்தால் சி, கருவியால் கண்டறிந்தால் பி, தோண்டிக் கண்ணால் பார்த்தால் ஏ. எனக்கு இந்தப் பிரிவினை பிடித்ததற்குக் காரணம், வரைபடத்தில் உள்ள ஒவ்வொரு கோட்டுக்கும் அது எப்படித் தெரிந்தது என்பதையும் சேர்த்து எழுத வைக்கிறது. என் சிவப்புக் கோடு குழி எடுத்த இடத்தில் ஏ, மற்ற இடங்களில் பி. அதிலிருந்து அறுபது சென்டிமீட்டர் தள்ளி எனக்கிருந்த அறிவுக்கு அந்தப் பட்டியலில் எழுத்தே இல்லை.

நம் நாட்டிலும் 2023 மார்ச்சில் தொலைத்தொடர்புத் துறை 'கால் பிஃபோர் யூ டிக்' என்ற செயலியைக் கொண்டுவந்தது. ஒருங்கிணைப்பில்லாத தோண்டுதலால் ஆண்டுக்குச் சுமார் 3,000 கோடி ரூபாய் இழப்பு என்று அப்போது அரசு சொன்னது. தோண்டுபவர் இடத்தைக் குறித்து விண்ணப்பித்தால், அங்கே சொத்து வைத்திருப்பவர்களுக்குச் செய்தி போகும். அமெரிக்காவில் 2007 முதல் 811 என்ற ஒரே எண்ணை அழைத்தால், அந்தந்த நிறுவனங்கள் ஆட்களை அனுப்பித் தரையில் நிறமடித்துக் காட்டுகிறார்கள்; சிவப்பு மின்சாரம், மஞ்சள் எரிவாயு, நீலம் குடிநீர், பச்சை கழிவுநீர். செய்தி போவதற்கும் ஆள் வந்து பெயிண்ட் அடிப்பதற்கும் உள்ள தூரத்தை நாம் இன்னும் கடக்க வேண்டியிருக்கிறது என்பது என் அனுபவம்.

அந்த இரவுக்குத் திரும்புகிறேன். எங்களோடு இருந்த துணை ஒப்பந்தக்காரர் ஒருவர், "லேசான கீறல்தானே சார், மணலைப் போட்டு மூடிடலாம், காலையில லேட் ஆயிடும்" என்றார். கெட்ட மனிதரல்லர், இந்தத் தொழிலில் வழக்கமாகச் சொல்லப்படுவதைத்தான் சொன்னார். உறையில் விழுந்த கீறல் அன்றே எதுவும் செய்யாது. ஐப்பசி கார்த்திகையில் தண்ணீர் உள்ளே இறங்கி, என்றோ ஓர் இரவு கேபிள் வெடிக்கும்போது அங்கே யார் தோண்டினார்கள் என்று யாருக்கும் நினைவிருக்காது. அமெரிக்காவில் பெல்லிங்ஹாம் என்ற ஊரில் 1999 ஜூன் 10 அன்று பெட்ரோல் குழாய் வெடித்து, ஓடையில் எரிபொருள் பெருகித் தீப்பற்றிய விபத்தில், பத்து வயதுச் சிறுவர்கள் இருவரும் பதினெட்டு வயது இளைஞர் ஒருவரும் இறந்தார்கள். அங்கே தண்ணீர்க் குழாய் வேலைக்காகத் தோண்டியபோது அந்தக் குழாயில் விழுந்த சேதம், ஐந்தாண்டுகள் மண்ணுக்குள் காத்திருந்தது. விசாரணையில் வேறு காரணங்களும் வெளிவந்தன என்றாலும், எனக்கு மறக்காதது அந்த ஐந்து ஆண்டுகள்தான்.

மின்வாரியத்துக்குத் தகவல் சொன்னோம். அவர்கள் வந்து மின்சாரத்தை நிறுத்தி, காலையில் சோதனை செய்து, உறையைச் சரிசெய்தார்கள். வளையத்தின் சுவிட்சுகள் இருக்கும் ஆர்எம்யு (ரிங் மெயின் யூனிட்) பெட்டியில் கிளாம்பை மாட்டிச் சமிக்ஞை ஏற்றியதும், முந்தைய நாள் முழுக்க ஊமையாக இருந்த கேபிள் தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒலித்தது. எங்களுக்கு ஒன்றரை நாள் வேலை போனது. அதன் பிறகு அந்தத் தெருவில் கோடுகளுக்கு இருபுறமும் ஒரு மீட்டருக்கு இயந்திரமே கூடாது, அதற்கு அப்பால் தோண்டுவதற்கும் பல் இல்லாத பக்கெட்தான் என்று வைத்தேன். கையால் தோண்டுவதிலும் கடப்பாரை தார்ப் பரப்பை உடைப்பதோடு சரி. அதற்குக் கீழே மண்வெட்டிதான். ஓங்கிக் குத்திய கடப்பாரை, பக்கெட்டைவிடச் சுலபமாகக் கேபிளுக்குள் இறங்கும்.

இரண்டு கேபிள்களையும் மின்கம்பத்திலிருந்தும் ஒரு வீட்டின் சுற்றுச்சுவர் மூலையிலிருந்தும் அளந்து, நோட்டில் படம் வரைந்து, பிரதி ஒன்றை ஒப்படைத்துவிட்டு வந்தேன். இரண்டு ஆண்டுகள் கழித்து வேறொரு வேலைக்காக அதே தெருவைத் தோண்டவிருந்த இளம் பொறியாளர் ஒருவர், யார் யாரிடமோ விசாரித்து என் எண்ணை வாங்கி அழைத்தார். படத்தை அனுப்பினேன். அரை மணி நேரத்தில் திரும்ப அழைத்து, "சார், அந்தக் காம்பவுண்டு சுவர இடிச்சு ஃப்ளாட் கட்டிட்டாங்க, கம்பத்தையும் மாத்திட்டாங்க" என்றார். டிரான்ஸ்மிட்டரை எடுத்து முதல் வேலையாகச் சார்ஜில் போட்டேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் நானே போனேன்.